ரப்பர் மரக் கழிவில் பலகை: வாசகர் கேள்வி–பதில்

மரக் கழிவிலிருந்து செய்யப்படும் பலகைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பில், ரப்பர் மரத் துண்டுகளும் பார்ட்டிகிள் போர்டுக்கு (மரச் சீவலைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்யும் பலகைக்கு) நல்ல மூலப்பொருள் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தொழில் தொடங்க நினைப்பவர், மாணவர், தச்சர், வீட்டில் அலமாரி போட்டுவிட்டுக் கவலைப்படுபவர் எனப் பலரும் எழுதியிருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, என் மாமனாருக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் மரம் அறுக்கும் மில் இருக்கிறது. அங்கே சேரும் துண்டுகளையும் மரத்தூளையும் செங்கல் சூளைக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்துச் செல்கிறார்கள். அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்து பார்ட்டிகிள் போர்டு செய்ய விரும்புகிறேன். 25 லட்ச ரூபாய்க்கு முழு இயந்திரமும் தருவதாக ஒருவர் சொல்கிறார். இறங்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பொருளைப் பற்றிய உங்கள் கணிப்பு சரியானது. இடத்தையும் இயந்திரத்தையும் பற்றிய கணிப்பைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரப்பர் மரத்தில் ஏழாம் ஆண்டு வாக்கில் பால் வெட்டத் தொடங்குகிறார்கள். 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். எனவே பலகைக்காக யாரும் தோட்டத்தை அழிப்பதில்லை. எப்படியும் வெட்டியாக வேண்டிய மரம்தான் மில்லுக்கு வருகிறது. முன்பு அது விறகாகவும் தீக்குச்சியாகவும் சாமான் பெட்டிக்கான கட்டையாகவுமே போய்க்கொண்டிருந்தது. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்தி, உலர்கலத்தில் காயவைக்கும் முறை பரவிய பிறகே மேசை நாற்காலிக்கு ஏற்ற மரமாக அது மதிக்கப்பட்டது. ஆனாலும் அடிமரம் குட்டையானது. மேலே போகப்போகச் சிறுத்துவிடும். பல ஆண்டுகள் கத்தி பட்ட பகுதி முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதனால் அறுவைக்கு வரும் கட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நேரான பலகையாகத் தேறுகிறது. புறப்பலகை, ஓரச் சீவல், தலைத்துண்டு, தூள் என்று மீதியெல்லாம் பிரிந்து போகிறது. தோட்டத்திலேயே கிடக்கும் கிளைகள் இந்தக் கணக்கில் சேராது.

பார்ட்டிகிள் போர்டுக்கு இந்த மரம் பொருந்துவதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. சீவல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்ட வேண்டுமானால், மரத்தின் அடர்த்தியைவிடப் பலகையின் அடர்த்தி சற்றாவது அதிகமாக இருக்க வேண்டும். அதாவது அழுத்தும்போது மரமே கொஞ்சம் நசுங்க வேண்டும். உலர்ந்த ரப்பர் மரம் கன மீட்டருக்குச் சுமார் 560 முதல் 650 கிலோ வரை இருக்கும். ஆகவே 680 அல்லது 700 கிலோ அடர்த்தியில் நல்ல பலகை கிடைத்துவிடுகிறது. புளி, வேலம் போன்ற கனத்த மரங்களில் அதே இறுக்கத்தைக் கொண்டுவர முயன்றால் பலகையைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருக்கும். ரப்பர் மரத்தின் வெளிர் நிறமும் ஒரு வசதிதான். மேற்பரப்பில் ஒட்டப்படும் அலங்காரத் தாள் மெல்லியதாக இருந்தாலும் அடியிலிருக்கும் கருமை வெளியே தெரியாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு பலகையின் கன அளவு 0.0536 கன மீட்டர். 680 கிலோ அடர்த்தியில் அதன் எடை சுமார் 36 கிலோ. பசை, மெழுகு, எஞ்சிய ஈரம் ஆகியவற்றைக் கழித்தால் உள்ளே இருக்கும் உலர்ந்த மரம் சுமார் 30 கிலோ. உப்புத்தாளில் தேய்ப்பதாலும் ஓரம் வெட்டுவதாலும் சலிப்பதாலும் போகும் சேதாரத்தைச் சேர்த்து 35 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய சூட்டோடு வரும் ரப்பர் மரத்தில், உலர்ந்த மரத்தின் எடையில் 60 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் இருப்பது சாதாரணம். அப்படியானால் ஒரு பலகைக்கு 56 கிலோ பச்சை மரம் வேண்டும். அதில் 21 கிலோ வெறும் தண்ணீர். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரத்துக்கு லாரி வாடகை கொடுத்துத் தண்ணீரைச் சுமந்து வந்து, இங்கே எரிபொருள் செலவழித்து அதை ஆவியாக்க வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு 50 கன மீட்டர் மட்டுமே செய்யும் ஆலை இந்தத் தொழிலில் சிறிய ஆலை. அதற்கே தினமும் ஐம்பது டன்னுக்கு மேல் பச்சை மரம் தேவைப்படும். கேரளத்தில் பெரும்பாவூரைச் சுற்றி ஒட்டுப்பலகை (பிளைவுட்) தொழில் அத்தனை நெருக்கமாக வளர்ந்ததற்கு, ரப்பர் தோட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் ஒரு முக்கியக் காரணம்.

தூரம் என்பது வாடகையோடு முடிகிற விஷயமும் அல்ல. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. 7 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும், சர்க்கரையும் கொஞ்சம் உண்டு. வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலப்பூஞ்சை படரும். சில வாரங்கள் போட்டுவைத்தால் துளைவண்டு உளுத்துத் தூளாக்கிவிடும். நீலக்கறை பலகைக்குள் மறைந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் ஈரச் சீவலை மழைக்காலத்தில் குவித்து வைத்தால், குவியலின் நடுவே சூடேறிப் புளித்து, மரத்தின் அமிலத்தன்மை மாறும். பசை இறுகும் வேகம் நாளுக்கு நாள் வேறுபடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னைப் புறநகரில் திறந்த வெளியில் சீவல் குவியலை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

25 லட்ச இயந்திரத்தைப் பற்றி: சீவும் இயந்திரம், உலர்த்தும் உருளை, சலிப்பான், பசை கலக்கும் இயந்திரம், பசை கலந்த சீவலைப் பாய்போலப் பரப்பும் அமைப்பு, சூட்டு அழுத்த இயந்திரம், தேய்ப்பான், இவற்றுக்கெல்லாம் வெப்பம் தரும் கொதிகலன், தூசி உறிஞ்சும் குழாய்கள் ஆகிய அனைத்தும் அந்தத் தொகைக்குள் அடங்காது. அவர் காட்டுவது அநேகமாக ஒற்றை அழுத்த இயந்திரமாகத்தான் இருக்கும். ஈர மரத்தைச் சீராக உலர்த்த வழியில்லாமல் அழுத்த இயந்திரத்தை மட்டும் வாங்குவது பணத்தை முடக்கும் வேலை. வாங்குவதற்கு முன், உங்கள் மில் துண்டுகளையே இரண்டு மூட்டை கொண்டுபோய், அவர் முன்னிலையில் முழு அளவுப் பலகை செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்லும் சாக்குப்போக்கிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மாமனாரின் மில்லிலேயே பட்டை நீக்கி, துண்டுகளைச் சிப்ஸாக வெட்டி, அருகிலுள்ள பலகைத் தொழிற்சாலைகளுக்குத் தொடர்ந்து அனுப்பும் ஏற்பாடு முதல் வழி. விறகு விலையைவிட அது நிச்சயம் மேல். அம்பத்தூரில்தான் தொழில் என்பதில் உறுதியாக இருந்தால், ஆயத்தமான பலகையை வாங்கி அளவுக்கு வெட்டி, விளிம்புப் பட்டை ஒட்டி, துளையிட்டு, பொருத்த வேண்டியது மட்டும் பாக்கி என்ற நிலையில் விற்பது இரண்டாவது வழி. வாடிக்கையாளர் இருக்கும் ஊரில் செய்யத் தகுந்த வேலை அது. மரக் கழிவை வைத்தே சென்னையில் ஏதேனும் செய்ய வேண்டும் என்றால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து கழித்துப் போடப்படும் பெட்டிக் கட்டைகளும் பேலட்டுகளும் காய்ந்த மரமாகவே கிடைக்கின்றன. ஆணியைக் காந்தம் வைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். பழைய மரத்தை மட்டுமே கொண்டு பலகை செய்யும் ஆலைகள் இத்தாலியில் பல ஆண்டுகளாக நடக்கின்றன. எந்த வழியானாலும், பச்சை மரத்தைப் பதப்படுத்தும் தொழிலுக்கு வனத்துறை உரிமம் தேவையா என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். 1996-இல் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு இத்தொழில்கள் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு தனி.

கேள்வி: ஐயா, நாங்கள் பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்கள். ரப்பர் மரத்தூளில் 30-க்கு 30 செ.மீ. அளவில், 12 மி.மீ. தடிமனில் பலகை செய்து பார்த்தோம். 160 டிகிரியில் அழுத்திவிட்டு அழுத்த இயந்திரத்தைத் திறந்ததும் ‘டப்’ என்ற சத்தத்தோடு பலகை நடுவில் பிளந்துவிடுகிறது. பசையை அதிகமாக்கினால் இன்னும் மோசமாகிறது. எங்கே தவறு?
– மாணவர்கள், தரமணி

பதில்: பசையை அதிகமாக்கியதும் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குறிப்பிலேயே காரணம் இருக்கிறது. உங்களைக் கெடுப்பது தண்ணீர்.

உங்கள் பலகையையே கணக்கிடுவோம். அதன் கன அளவு 1,080 கன செ.மீ.; கன செ.மீ.க்கு 0.7 கிராம் அடர்த்தியில் எடை சுமார் 756 கிராம். முடிந்த பலகையில் 8 விழுக்காடு ஈரம் என்று கொண்டால் உலர்ந்த எடை 700 கிராம். அதில் 636 கிராம் மரம், மரத்தின் எடையில் 10 விழுக்காடான 64 கிராம் பசைத் திடப்பொருள். யூரியா ஃபார்மால்டிஹைடு பசை திரவமாகத்தான் வருகிறது; அதில் திடப்பொருள் 65 விழுக்காடு என்றால், நீங்கள் ஊற்ற வேண்டியது 98 கிராம், அதோடு உள்ளே போகும் தண்ணீர் 34 கிராம். மரத்தூளை 3 விழுக்காடு ஈரம் வரை உலர்த்தியிருந்தால் அதில் இருப்பது 19 கிராம். இரண்டும் சேர்ந்து 53 கிராம், அதாவது 8 விழுக்காட்டுக்குள், பலகை தாங்கும். ஆனால் வெயிலில் காயவைத்த தூளில் 12 விழுக்காடு ஈரம் எஞ்சியிருக்கும், சென்னைக் காற்றில் வெயில் அதற்குமேல் உலர்த்தாது. அப்போது மொத்தத் தண்ணீர் 110 கிராமாகிவிடும், ஏறக்குறைய 16 விழுக்காடு. 160 டிகிரியில் அத்தனையும் நீராவியாக மாறி வெளியேற வழியின்றி நடுவில் அடைபட்டுக் கிடக்கும். அழுத்தத்தை விடுவித்த அந்தக் கணத்தில் பலகையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

ஆகவே தூளை 105 டிகிரி அடுப்பில் வைத்து, எடை குறைவது ஏறக்குறைய நிற்கும்வரை உலர்த்துங்கள். உலர்ந்ததை உடனே காற்றுப்புகாத பையில் கட்டுங்கள். மேசைமேல் ஓரிரவு விட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். பசையை இறுகச் செய்யும் கடினமாக்கியாக அம்மோனியம் குளோரைடைப் பசைத் திடப்பொருளில் 1 விழுக்காடு, உங்கள் அளவுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல், அழுத்துவதற்குச் சிறிது நேரம் முன்னதாக மட்டும் சேர்க்க வேண்டும். முதல்நாளே கலந்து வைத்தால் பசை பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். அழுத்தத்தை ஒரேயடியாக விடாமல், கடைசி அரை நிமிடத்தில் படிப்படியாகக் குறைத்து ஆவியை வெளியேற விடுங்கள்.

பசையை ஊற்றும் விதத்திலும் கவனம் வேண்டும். புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைவதுபோல ஒவ்வொரு சீவலின்மேலும் மெல்லிய பூச்சாகப் படிய வேண்டும். ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் வறண்டும் இருந்தால் மொத்த அளவு சரியாக இருந்தும் பயனில்லை. சிறு தெளிப்பானால் தூவிக்கொண்டே கிளறுங்கள்.

இன்னொரு குறை, நீங்கள் மரத்தூளை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஒரே எடையில் தூளுக்கு மேற்பரப்பு மிக அதிகம். கொடுத்த பசை போதாமல் போகிறது. தவிரவும், வளைக்கும்போது தாங்குவதற்கு நீளமான இழை வேண்டும், தூளில் அது இல்லை. தொழிற்சாலையில் மூன்று அடுக்காகப் பரப்புவதன் நோக்கம் இதுவே. நடுவில் அரை மி.மீ. தடிமன் உள்ள நீளச் சீவல், மேலும் கீழும் நுண்சீவல். மேலடுக்கு நைஸாக இருப்பதால் தேய்த்தபின் வழவழப்பு வருகிறது, அதற்குப் பசையும் கூடுதலாகத் தருகிறார்கள். மேலடுக்கின் ஈரத்தை வேண்டுமென்றே நடு அடுக்கைவிடச் சற்று அதிகமாக வைப்பதும் உண்டு. சூடான தகடு தொட்டதும் அந்த ஈரம் ஆவியாகி உள்நோக்கிப் பாய்ந்து நடுப்பகுதியை விரைவில் சூடேற்றும். நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டினால்தான் அங்கே பசை இறுகும். ஈரம் கெடுதல் செய்வதும் உதவி செய்வதும் அது எந்த அடுக்கில் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. உங்கள் திட்ட அறிக்கையில் இந்தப் பகுதியை விரிவாக எழுதுங்கள்; பிளந்த பலகையின் படத்தையும் சேருங்கள், மதிப்பெண் குறையாது.

கேள்வி: ரப்பர் மரப் பலகையில் ரப்பரின் இழுவையும் வாடையும் இருக்குமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இருக்காது. பால் ஓடும் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன, கட்டையில் அல்ல. ஆனால் பட்டையைச் சரியாக நீக்காமல் சீவினால், வெட்டுக்காயத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அதன் துணுக்குகள் பலகையின் மேற்பரப்பில் சிறு புள்ளிகளாகத் தெரியும், அங்கே பசையும் பிடிக்காது. நல்ல ஆலைகள் பட்டையை உரித்துக் கொதிகலனுக்கு அனுப்பிவிடுகின்றன.

கேள்வி: எங்கள் சமையலறை அலமாரி ஐந்தாண்டில் ஊறிப்போய் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. புதிதாகச் செய்ய வந்த ஆசாரி, “ரப்பர்வுட் போர்டு போடுங்கம்மா, தண்ணிக்கு ஊறாது” என்கிறார். கடையில் அதே பெயரில் இரண்டு விலையில் இரண்டு பலகை காட்டுகிறார்கள். எது உண்மை?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கடைக்காரர் காட்டியவை இரண்டு வெவ்வேறு பொருள்கள், அம்மா. விலை கூடியது முழு மரம்: பதப்படுத்திய ரப்பர் மரக் கட்டைகளை விரல் கோத்ததுபோல முனையோடு முனை இணைத்து, பக்கவாட்டில் ஒட்டி அகலமாக்கியது. அதன் மேற்பரப்பில் பட்டை பட்டையாக மரத்தின் ரேகை தெரியும், இணைப்புகளில் பற்கள்போன்ற கோடு இருக்கும். விலை குறைந்தது, இதே மரத்தின் சீவலில் செய்து மேலே அலங்காரத் தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் பெரிய துணுக்குகளும் இருபுறமும் மாவுபோல நைஸான அடுக்கும் தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டுதான்.

ஊறாது என்பது இரண்டுக்குமே பொருந்தாது. முழு மரமும் ஈரத்தில் உப்பி உலர்ந்து சுருங்கும். பதப்படுத்தல் குறைந்தால் பூஞ்சையும் வண்டும் வரும். பார்ட்டிகிள் போர்டோ ஒருமுறை ஊறினால் திரும்பாது. எந்த மரத்தின் சீவல் என்பதால் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தப் பசை, எவ்வளவு மெழுகு, விளிம்பு எப்படி மூடப்பட்டிருக்கிறது என்ற மூன்றும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. யூரியா பசை தொடர்ந்து ஈரம் பட்டால் இளகும். மெழுகு, தண்ணீர் உள்ளே போவதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுத்து நிறுத்தாது.

கடையில் இரண்டு நிறுவனங்களின் பலகைகளை ஒப்பிட ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து செ.மீ. சதுரத் துண்டு கேட்டு வாங்குங்கள். வெட்டுக்கழிவில் தாராளமாகத் தருவார்கள். வெர்னியர் காலிப்பரால் தடிமனை அளந்து, சாதாரணத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் முழுக வைத்து மறுபடி அளந்தால், எது அதிகம் உப்பியது என்பது தெரிந்துவிடும். ஐ.எஸ். 12823 என்ற எண்ணோடு கூடிய ஐ.எஸ்.ஐ. முத்திரை அலங்காரத் தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டுக்கு உரியது; தாள் ஒட்டாததற்கு ஐ.எஸ். 3087.

உங்கள் சமையலறைக்கு என் யோசனை: சிங்க்கின் கீழ்ப்பெட்டியை மட்டும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டில் செய்யுங்கள். மேல் அலமாரிகளுக்குப் பார்ட்டிகிள் போர்டு போதும். அங்கே அதிக விலை கொடுப்பது வீண் செலவு. கீழ்ப்பெட்டிகள் தரையைத் தொடாமல் நான்கு அங்குல பி.வி.சி. கால்களில் நிற்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கிற வீடுகளில், மேலிருந்து ஒழுகும் நீரைவிடத் தரையிலிருந்து உறிஞ்சப்படும் நீர்தான் பலகையைக் கெடுக்கிறது. குழாய் நுழைவதற்காக வெட்டிய துளையின் உள்விளிம்பு அநேகமாக மூடப்படாமலே விடப்படுகிறது. ஆசாரி முன்னால் நின்று, அங்கே சிலிக்கான் தடவச் சொல்லுங்கள். அடுப்படி அலமாரி பழுதான பல வீடுகளில் முதலில் உப்பியது அந்த இடம்தான்.

கேள்வி: குழந்தையின் அறையில் புது அலமாரி வைத்து ஒரு மாதமாகியும் கண்ணெரிச்சல் தரும் வாடை போகவில்லை. ஏ.சி. போடும்போது அதிகமாகத் தெரிகிறது. இது ஆபத்தா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்த வாடை பெரும்பாலும் யூரியா பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே அலட்சியம் கூடாது. அதே சமயம், ஓர் அலமாரியைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அளவுதான் முக்கியம்.

வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட இந்த வாயு அதிகம் வெளியேறும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. பகலெல்லாம் மூடிக்கிடந்து சூடேறிய அறைக்குள் இரவில் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டால், வாயு வெளியேற வழியின்றி அங்கேயே சுற்றுகிறது. உங்கள் அறையில் நடப்பது இதுதான். முதல் சில மாதங்களில் அதிகமாக இருந்து பிறகு குறையும். அதுவரை குழந்தையை வேறு அறையில் படுக்கவைத்து, அலமாரிக் கதவுகளையும் சன்னல்களையும் பகலில் திறந்துவையுங்கள். ஊதுவத்தியும் வாசனைத் தெளிப்பானும் வாடையை மறைக்கும், வாயுவைக் குறைக்காது.

அடுத்து, அலமாரியின் பின்புறத்தையும் தட்டுகளின் பின்விளிம்பையும் தடவிப் பாருங்கள். கண்ணில் படும் முன்விளிம்புக்கு மட்டும் பட்டை ஒட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. இருபுறமும் தாள் ஒட்டிய பலகையில் வாயு வெளியேறுவது பெரும்பாலும் மூடாத விளிம்புகள் வழியாகவும் துளைகள் வழியாகவும்தான். அவற்றுக்கு விளிம்புப் பட்டையோ, குறைந்தது இரண்டு பூச்சு வார்னிஷோ கொடுங்கள். இனி வாங்கும்போது இ-1 வகை என்று பில்லிலேயே எழுதித் தரக் கேளுங்கள். 100 கிராம் உலர்ந்த பலகையில் 8 மில்லிகிராமுக்கு மிகாமல் ஃபார்மால்டிஹைடு இருப்பது அந்த வகை. இ-2 வகையில் 30 வரை போகலாம். ரப்பர் மரமா வேறு மரமா என்பது இங்கே பொருட்டல்ல.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற கட்டிலும் அலமாரியும் காய்ந்தபின் பார்வைக்கு ஓரளவு சரியாகத்தான் இருக்கின்றன. வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: பார்ட்டிகிள் போர்டு என்றால் வேண்டாம். அழுத்தத்தில் நசுங்கியிருந்த சீவல்கள் தண்ணீர் பட்டதும் விரிந்து பசையின் பிடியை அறுத்துவிடுகின்றன. காய்ந்தாலும் அந்தப் பிடி திரும்ப வராது. பாரம் தாங்கும் கட்டிலை முதலில் கழித்துவிடுங்கள். வெள்ளக்கோட்டுக்கு மேலிருந்த தட்டுகளை வெட்டியெடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்கிறவன். பிளைவுட்டில் நிற்கிற ஸ்குரூ பார்ட்டிகிள் போர்டில் நிற்பதில்லை. கீல் கழன்று வந்துவிட்டது என்று வாடிக்கையாளர் திட்டுகிறார்கள். ரப்பர் மரப் பலகையிலும் இதே கதைதான். வழி என்ன?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: மரத்துக்கான ஸ்குரூவையும் சுத்தியலையும் முதலில் ஒதுக்கிவையுங்கள். சுத்தியலால் பாதி அடித்துவிட்டு மீதியைத் திருகும் பழக்கம் பிளைவுட்டில் தப்பித்துவிடும். இங்கே சீவல்களைச் சிதற அடித்துவிடுகிறது. தண்டு மெலிந்தும் மரை அகலமாகவும் நுனிவரை ஒரே பருமனாகவும் இருக்கும் சிப்போர்டு ஸ்குரூ வாங்குங்கள். நான்கு மி.மீ. ஸ்குரூவுக்கு இரண்டரை முதல் மூன்று மி.மீ. துளை போட்டுத் திருகுங்கள். மின்திருகியின் விசையைக் குறைத்து வையுங்கள்; தலை பலகையில் பதிந்த பிறகு இன்னும் ஒரு சுற்றுக் கொடுத்தால் உள்ளே மரை அறுந்துவிடும், மேலே இறுகியதுபோலத் தோன்றினாலும்.

பலகையின் முகத்தில் ஸ்குரூ நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் இறுக்கமான மேலடுக்கு அங்கே இருக்கிறது. விளிம்பில் பிடிப்பு குறைவு, அங்கே இருப்பது தளர்ந்த நடு அடுக்கு. இரண்டு பலகைகளை மூலையில் சேர்க்க 7 மி.மீ. கன்ஃபர்மட் ஸ்குரூவே ஏற்றது: முகப்பலகையில் 7 மி.மீ., விளிம்பில் 5 மி.மீ. துளை. விளிம்பிலிருந்து மிக நெருக்கமாகப் போட்டால் பலகை உப்பிப் பிளக்கும். கனமான கதவுக்கு மூன்று கீல் போடுங்கள். ஏற்கெனவே கழன்ற இடத்தில் தீக்குச்சி சொருகித் திருகினால் சில மாதம்தான் நிற்கும். அந்தத் துளையை 8 மி.மீ.க்குப் பெரிதாக்கி, மர ஆப்பில் பசை தடவி இறக்கி, ஓரிரவு காயவிட்டு, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டு ஸ்குரூ போடுங்கள்.